பக்கத்தில் இன்னொரு கிண்ணம் இருந்தால்தான் சாகே புரியும்

வேலைக்காக ஜப்பானின் கோபே நகருக்கு வந்த முதல் இரண்டு வருடமும் சாகே, அதாவது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்கிற ஜப்பானிய மது, என்றால் எனக்கு ஒரே ஒரு பானம்தான். ஆபீஸ் விருந்துகளில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதில் சின்னப் பீங்கான் குடுவையில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். மூக்கில் ஏறும், தொண்டை எரியும், மறுநாள் காலை தலை கனக்கும். அப்புறம் ஒரு வருடக் கடைசியில், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் டைகின்ஜோ என்ற விலை உயர்ந்த சாகே வகையில் ஒரு பாட்டில் பரிசாகக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாக ஊற்றிக் குடித்தேன். பேரிக்காய் வாசனை, பிறகு லேசான தித்திப்பு, விழுங்கினபிறகு வாயில் ஒன்றுமே தங்கவில்லை. இரண்டும் ஒரே அரிசியிலிருந்து வருகிறது என்று நம்பவே முடியவில்லை. அன்றைக்கு நான் எடுத்த முடிவு, விலை அதிகமானது நல்லது, சூடு பண்ணுவது மட்டமானது என்பது. அதற்கப்புறம் ஒரு வருடம் விலைச்சீட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்த முடிவைக் கலைத்தது நடா பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கடை. கோபேயின் கிழக்கிலிருந்து நிஷினோமியா வரை கடலை ஒட்டி இருக்கும் ஐந்து பழைய ஊர்களைச் சேர்த்துத்தான் நடா என்பார்கள், ஜப்பானில் அதிகமாகச் சாகே தயாராகிற இடம் அது. ஹன்ஷின் ரயிலில் இறங்கித் தெற்கே நடந்தால் ஹகுட்சுரு, கிகுமசமுனே மாதிரி பெரிய ஆலைகளின் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, இந்த இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் சொல்கிற கடை அப்படிப் பெரியது அல்ல. பாட்டில் விற்கிற கடையிலேயே ஓரமாக ஒரு பலகை போட்டு, நின்றபடி குடிக்க இடம் வைத்திருப்பார்கள், அதற்கு காகு-உச்சி என்று பெயர். கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வருகிறவர்கள் எல்லோரும் ஒகாசான், அதாவது அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருக்கிறதிலேயே நல்ல சாகே எது என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டு வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து வைத்தார். உள்ளே அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று. பாம்பின் கண் என்று பெயர் அதற்கு. வெள்ளைப் பகுதியில் சாகேவின் நிறம் தெரியும், நீலக் கோட்டின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் சாகே தெளிவாக இருக்கிறது, மங்கினால் கலங்கல் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஆலை, ஒரே அரிசி. ஒன்றில் 70 சதவீதம் மிச்சமிருக்கத் தீட்டிய அரிசி, இன்னொன்றில் 50. "எது நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். எது எதிலிருந்து எப்படி மாறியிருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கால்மணி நேரத்தில் கற்றுக்கொண்ட அளவுக்கு அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. தனியாகக் குடிக்கும்போது நாக்கு 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் இது கொஞ்சம் புளிப்பு, அது கொஞ்சம் அடர்த்தி, இது சீக்கிரம் மறைகிறது, அது நாக்கின் ஓரத்தில் நிற்கிறது என்று பேச ஆரம்பிக்கிறது. அதுவும் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்க வேண்டும். ஆலையும் வேறு, அரிசியும் வேறு, சூடும் வேறு என்று வைத்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது.

அந்தத் தீட்டல் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன், லேபிளில் இருக்கிற பாதி வார்த்தைகள் அதிலிருந்துதான் வருகின்றன. அரிசி மணியின் வெளிப்பக்கத்தில் புரதமும் கொழுப்பும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. வெளிப்பக்கத்தைத் தீட்டத் தீட்டச் சாகே மெலிதாகிறது, பழ வாசனை எடுபடுகிறது. சாப்பிடுகிற வெள்ளை அரிசியில் சுமார் 90 சதவீதம் மிச்சம் இருக்கும். ஹொன்ஜோஸோ என்ற வகைக்கு 70 அல்லது அதற்குக் கீழே, கின்ஜோ என்ற வகைக்கு 60 அல்லது அதற்குக் கீழே, டைகின்ஜோ என்று போட 50 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். யமகுச்சியிலிருந்து வரும் தஸ்ஸாய் 23 என்ற பாட்டிலில் இருக்கிற 23 இந்த எண்தான், நூறு கிராம் அரிசியில் 77 கிராம் தவிடாகவும் மாவாகவும் போய்விட்டது. டைகின்ஜோவின் விலைக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது, கூடுதல் பணத்தில் ஒரு பங்கு நம் கிண்ணத்தில் இல்லாத அரிசிக்குப் போகிறது. அந்த மெல்லிய குணம் பிடித்தால் கொடுக்கலாம். எனக்கு அன்றைக்கு 70தான் பிடித்தது, அதில் சோறு வடிக்கும்போது எழும்பும் கஞ்சி வாசனை இருந்தது. விலை பாதிதான்.

லேபிளில் வரும் இன்னொரு வார்த்தையான ஜுன்மாய்க்கும் தீட்டலுக்கும் சம்பந்தம் இல்லை. 2004 வரைக்கும் ஜுன்மாய்க்கும் 70 என்ற வரம்பு இருந்தது, இப்போது இல்லை. அரிசி, கோஜி (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறு எதுவும் சேர்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஜுன்மாய் என்று போடாத கின்ஜோ, டைகின்ஜோ, ஹொன்ஜோஸோ எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பார்கள். இதைக் கலப்படம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம், நானும் ஒரு காலத்தில் ஒதுக்கினேன். பழ வாசனைப் பொருள்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கொஞ்சம் சேர்த்துப் பிழிந்தால் அந்த வாசனை சக்கையோடு போகாமல் சாகேவுக்கு வந்துவிடும். ஒரே ஆலையின் ஜுன்மாய் கின்ஜோவையும் வெறும் கின்ஜோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது கொஞ்சம் சதைப்பிடிப்பாக, இரண்டாவது வாசனை முன்னுக்கு வந்து சட்டென்று முடிவதாக இருக்கும். இந்த இரண்டில் எதையுமே மட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தண்ணீரை ஒப்பிட ஒரு நாள் கியோட்டோவின் ஃபுஷிமிக்குப் போனேன். நடாவின் சாகேவை ஆண் என்றும் ஃபுஷிமியின் சாகேவைப் பெண் என்றும் ஒரு பழைய சொலவடை உண்டு. அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்காது, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் உண்மையானது. நிஷினோமியாவின் ஒரு சிறு பகுதியில் கிடைக்கிற கிணற்று நீர், மியாமிசு, ஜப்பானிய நீருக்குக் கொஞ்சம் கடினமானது. 1840 வாக்கில் யமமுரா தசாஎமோன் என்ற சாகே தயாரிப்பாளர், தன் இரண்டு ஆலைகளில் ஒன்று மட்டும் எப்போதும் நன்றாக வருவது ஏன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். ஒகாசான் கிண்ணத்தில் செய்ததைத்தான் அவர் ஆலை அளவில் செய்திருக்கிறார். அந்த நீரில் ஈஸ்டுக்குத் தேவையான பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம், நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு. அதனால் நொதித்தல் வேகமாக, முழுசாக நடந்து சாகே விறைப்பாக வருகிறது. ஃபுஷிமியின் நீர் அதைவிட மென்மை, நொதித்தல் நிதானம், சாகேயும் வழவழப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போயும் அன்றைக்கு நான் ஒரு தவறு செய்தேன். ஃபுஷிமியில் ஒரு இடத்தில், அந்த ஊர் ஆலைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு சின்னக் கிண்ணமாக, பதினைந்துக்கும் மேலே ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். நான் வரிசையாகக் குடித்துக்கொண்டே போனேன். ஏழாவதுக்கு மேல் எல்லாம் ஒன்றுதான். குறிப்பு நோட்டில் எட்டாவதிலிருந்து 'இனிப்பு, நன்று' என்றே எழுதியிருக்கிறேன், அது அந்தச் சாகேக்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளைக்கு ஆறுக்கு மேல் வைப்பதில்லை, ஒவ்வொன்றிலும் 20 மில்லி. ஆறு கிண்ணம் சேர்ந்து 120 மில்லி. சாகேவில் வழக்கமாக 15 அல்லது 16 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், ஒரு கோ எனப்படும் 180 மில்லியில் மட்டும் சுமார் 22 கிராம் சுத்த ஆல்கஹால். இது பியர் அல்ல. தண்ணீர் கலக்காத கென்ஷு வகை என்றால் 17லிருந்து 20 வரை போகும். சாகே குடித்த அளவுக்குக் குறையாமல் தண்ணீரும் குடியுங்கள், ஜப்பானியர்கள் இதற்கென்றே யவராகிமிசு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கார் எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

டோக்கியோவிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்கிற இடம் நீகாதா மாகாணத்தின் எச்சிகோ-யுசாவா ஸ்டேஷன். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே பொன்ஷுகான் என்ற இடம். நான் போனபோது 500 யென்னுக்கு ஐந்து டோக்கனும் ஒரு சின்னக் கிண்ணமும் கொடுத்தார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இயந்திரங்கள், மாகாணத்தின் ஆலைகள் எல்லாம் அங்கே. டோக்கனைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒரு கிண்ணம் வரும். ஐந்தே டோக்கன் என்பதால் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அது ரொம்ப நல்லது. மேஜையில் பல வகை உப்பு வைத்திருக்கிறார்கள். விரல் நுனியில் துளி உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு சாகேயைக் குடித்தால் அரிசியின் இனிப்பு முன்னுக்கு வரும், நுங்கிலும் கொய்யாவிலும் உப்புத் தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

நீகாதா சாகேக்கள் மெலிதான கராகுச்சி ரகம் என்று பெயரெடுத்தவை. குச்சி என்றால் வாய். கரா என்பதற்கு எழுதுகிற எழுத்து, மிளகாயின் உறைப்புக்கும் எழுதுகிற அதே எழுத்து. கராகுச்சியைக் 'காரவாய்' என்று நினைவில் வைத்துக்கொண்டேன், இரண்டு மொழிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, மறக்காமல் இருக்க உதவியது, அவ்வளவுதான். சாகேவில் அது உறைப்பு அல்ல, இனிப்பு இல்லாமை. அதற்கு எதிர்ப்பக்கம் அமாகுச்சி, இனிப்புவாய். லேபிளில் நிஹோன்ஷு-டோ என்று ஒரு எண் இருக்கும், தண்ணீரோடு ஒப்பிட்டால் சாகே கனமா லேசா என்பதிலிருந்து வருவது. கூட்டல் குறி என்றால் சர்க்கரை குறைவு, கழித்தல் என்றால் அதிகம். இதை மட்டும் நம்பி வாங்கி இரண்டு முறை ஏமாந்தேன். புளிப்பு அதிகமாக இருந்தால் இனிப்பான சாகேயும் இனிப்பாகத் தெரியாது, புளிப்பு குறைந்தால் +5 கூட இனிக்கும். பக்கத்திலேயே சன்டோ என்று புளிப்பின் எண் போட்டிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரே ஒரு சோதனைதான் என்றால் சூட்டுச் சோதனையைச் சொல்வேன். பாட்டில் ஒன்றே போதும், அதிகம் தீட்டாத ஜுன்மாய், முடிந்தால் கிமோட்டோ அல்லது யமஹாய் என்று போட்டது, அவை என்னவென்று கீழே சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியில் ஒரு வாய், அறைச் சூட்டில் ஒரு வாய், 40 டிகிரியில், 45 டிகிரியில், 55 டிகிரியில். ஒவ்வொன்றுக்கும் இங்கே பெயர் உண்டு: 5 டிகிரி பனிக் குளிர்ச்சி, 10 பூக் குளிர்ச்சி, 30 வெயில் சூடு, 35 மனித உடம்பின் சூடு, 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, டோக்குரி எனப்படும் பீங்கான் குடுவையில் சாகேயை ஊற்றிக் கழுத்து வரை முங்குகிற மாதிரி இரண்டு மூன்று நிமிஷம் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் டோக்குரியின் அடியைத் தொட்டுப் பார்த்துக் கை கொஞ்சம் தாங்கமுடியாமல் போகும்போது எடுங்கள். மைக்ரோவேவில் மேலே கொதித்து அடியில் ஆறிக் கிடக்கும், நான் விட்டுவிட்டேன்.

நான் செய்தது ஒரு ஜனவரி ராத்திரி, ஒரு கிமோட்டோ பாட்டிலில். குளிர்ச்சியில் அது மூடிக் கிடந்தது, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம், வாங்கியது வீண் என்று தோன்றியது. 45 டிகிரியில் மூக்குக்கிட்டே கொண்டுவந்ததும் மோர் வாசனை. தண்ணீர் விட்டுக் கடைந்த, அன்றைய மோர். கசப்பு போய், வேகவைத்த நிலக்கடலையின் இனிப்பு மாதிரி ஒன்று நாக்கு முழுக்கப் பரவியது. 55க்குப் போனதும் ஆல்கஹால் மூக்கைக் குத்தியது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று. ஆபீஸ் விருந்தில் நான் குடித்துக்கொண்டிருந்தது இந்தச் சூட்டைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அதே ராத்திரி மிச்சமிருந்த டைகின்ஜோவையும் 50க்குக் காய்ச்சினேன். பேரிக்காய் வாசனை ஆவியோடு போய்விட்டது, வெறும் சுடுதண்ணீரில் சாராயம் கலந்த மாதிரி மிஞ்சியது.

மோர் வாசனை என்று நான் நினைத்தது சும்மா இல்லை. சாகேவுக்கு முதலில் ஈஸ்ட் பெருக ஒரு சிறிய கூழ் தயாரிப்பார்கள், அதில் வேறு கிருமி சேராமல் இருக்கப் புளிப்பு வேண்டும். கிமோட்டோ முறையில் சோற்றையும் கோஜியையும் கோல்களால் அரைத்து மசித்து, காற்றிலும் ஆலையிலும் இருக்கிற லாக்டிக் பாக்டீரியா தானாக வந்து புளிக்க வைக்கும்வரை காத்திருப்பார்கள், சுமார் ஒரு மாதம் ஆகும். தயிரைப் புளிக்க வைப்பதும் இந்த லாக்டிக் பாக்டீரியாக் குடும்பம்தான். 1909இல் மசிக்காமலேயே அது நடக்கும் என்று கண்டார்கள், அதுதான் யமஹாய். மறுவருடமே லாக்டிக் அமிலத்தை நேராகச் சேர்க்கும் முறை வந்தது, பாதி நாளில் முடிந்துவிடும், இன்றைக்குப் பெரும்பாலான சாகே அப்படித்தான். லேபிளில் கிமோட்டோ, யமஹாய் என்று எதுவும் போடவில்லை என்றால் அநேகமாக அந்த வேகமான முறை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நமஸாகே பற்றி ஒரு எச்சரிக்கை. நமா என்றால் பச்சை, சூடுபடுத்திக் கிருமி நீக்காதது. மற்ற சாகேவை வழக்கமாக இரண்டு முறை 65 டிகிரி வாக்கில் சூடுபடுத்துவார்கள், நமாவில் கோஜியின் நொதிகள் இன்னும் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும். புதிதாக இருக்கும்போது அந்தத் துடிப்பும் பழச்சாறு போன்ற வாசனையும் வேறு எதிலும் கிடைக்காது. நான் ஒரு பாட்டிலை ஆகஸ்டில் சமையலறை அலமாரியில் மூன்று வாரம் வைத்துவிட்டேன், திறந்ததும் ஊசின எண்ணெயும் பூஞ்சையும் கலந்த வாடை, மொத்தத்தையும் கொட்டினேன். வாங்கின நிமிஷத்திலிருந்து ஃபிரிட்ஜ், திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மற்ற வகைகளையும் இருட்டில் வைப்பது நல்லது, வெயில் பட்டாலே ருசி கெட்டுவிடும்.

மற்றபடி வீட்டில் வைத்துப் பார்க்க 300 மில்லி பாட்டில்களாக வாங்கி, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்தால் செலவும் குறையும், குடிக்கிற அளவும் குறையும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளாஸ். மெலிதானதிலிருந்து அடர்த்தியானதற்குப் போக வேண்டும், திரும்பி வர முடியாது. சாம்பாரோ மீன் குழம்போ சாப்பிட்ட வாயோடு ஆரம்பிக்க வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினொரு மணி வாக்கில்தான் என் நாக்கு சரியாக வேலை செய்கிறது. முக்கியமாக, குறிப்பை உங்கள் மொழியில், உங்களுக்குத் தெரிந்த வாசனைகளை வைத்து எழுதுங்கள். ஜப்பானியக் குறிப்புகளில் ஆப்பிள், மெலன், காளான் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு மெலனைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எதுவும் மணக்கவில்லை. பூவன்பழம், இட்லி மாவு, முலாம்பழம், கருப்பட்டி என்று எழுத ஆரம்பித்ததும் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்தக் கிண்ணம் ஞாபகம் வருகிறது.

2024 டிசம்பரில், கோஜி கொண்டு சாகே தயாரிக்கும் கைத்திறனை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஒகாசான் சந்தோஷத்தில் ஒரு சின்ன மரப்பீப்பாய்ச் சாகே திறந்தார். தேவதாரு மாதிரியான சுகி மரப் பீப்பாயில் இருந்தது, புதுப் பலகை வாசனை, தச்சுப் பட்டறையில் நிற்கிற மாதிரி. அன்றைக்கே கடைசியில், பின்னாலிருந்து கோஷு ஒன்றும் எடுத்து வந்தார். பல வருடம் வைத்துப் பழசாக்கியது, தேன் நிறம். முகர்ந்ததும் என்னையறியாமல் தமிழில் "வெந்தயம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. சோயா சாஸ், காய்ந்த பழம், கருகிய சர்க்கரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்றார். எனக்கோ கருப்பட்டிப் பாகுக்குள்ளே வெந்தயம்தான், சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சோட்டலோன் என்று ஒரு வாசனைப் பொருள், வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணம் அது, பழைய சாகேவிலும் வருடங்கள் போகப்போக உண்டாகிறது.

அடுத்த சனிக்கிழமை ஒரு ஸ்பூன் வெந்தயத்தை லேசாக வறுத்துச் சின்ன டப்பாவில் கொண்டுபோனேன். பலகையில் கோஷு கிண்ணத்துக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்தேன். ஒகாசான் இதை முகர்ந்தார், அதை முகர்ந்தார், மறுபடி இதை முகர்ந்துவிட்டு உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முகர்ந்து, ஒரு வெந்தயத்தை வாயில் போட்டுக் கடித்து, கசப்பில் முகத்தைச் சுளித்து, உடனே கோஷுவை ஒரு வாய் குடித்தார். பிறகு ஒகாசான் அந்தப் பாட்டிலின் கழுத்தில் தொங்குகிற அட்டையை எடுத்து, பெயர் என்ன, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டு, வெளிநாட்டு வார்த்தைகளை எழுதுகிற கதகானா எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். அவர்களுக்கு 'வெ' வராது, அதனால் 'பெந்தயாமு' என்று இருக்கிறது.